கிராதிக்கு உள்ளே என் தங்கை

என் தங்கையின் குரல் நின்றுபோனதை முதலில் கவனித்தது அம்மாதான். அப்போது தவக்காலம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் கதவருகில் நின்றாள்.

“இன்னிக்கும் அவ கொரலு வரலடி.”

“ஜலதோஷமா இருக்கும்மா.”

“எத்தினி வாரத்துக்கு இருக்கும் ஜலதோஷம்? மத்தவங்க பாடிகினுதான் இருக்காங்க. நடுவுல அவ எடம் மட்டும் காலியா கீது.”

எங்கள் வீடு கோரமண்டல் பகுதியில், தங்கச் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. அங்கிருந்து ஊரிகம் பக்கம் நடந்து, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டைத் தாண்டினால் அந்த மடம். பள்ளிக்கூடம் நடத்துகிற, ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற சிஸ்டர்கள் வேறு. இவர்கள் வெளியே வராத கன்னியர்கள். உள்ளே போனால் சாகும்வரை உள்ளேதான். ஜெபம், காய்கறித் தோட்டம், சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் பூசை அப்பம் சுடுவது, மறுபடியும் ஜெபம். சுரங்கத்தை மூடிவிட்டு ஊரே வேலை தேடிப் பெங்களூர் ரயிலில் ஏறிய காலத்தில் என் தங்கை அந்தக் கதவுக்குள் போனாள். அப்பா அதற்கு முன்பே நெஞ்சில் கல்தூசி அடைத்து இறந்திருந்தார். நான் ரயிலில் ஏறியவள். பெங்களூரில் ஒரு கட்டட ஆபீசில் வரைபடம் போடுகிறேன். இன்றும் அதே ரயில், அதே வேலை.

மடத்துக் கோயிலை முதல்முறை பார்ப்பவர்கள் இவ்வளவுதானா என்பார்கள். எங்களைப் போன்ற வெளி ஆட்களுக்கு உள்ள பகுதி ஒரு வகுப்பறை அளவுதான். எதிரே பீடம். பீடத்துக்கு இடப்பக்கச் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் தரையிலிருந்து வளைவு வரை இரும்புக் கிராதி. அதன் பின்னால் கறுப்புத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் கன்னியர்களின் கூடம். அவர்கள் பாடுவது எங்களுக்குக் கேட்கும். முகம் தெரியாது. நன்மை, அதாவது பூசை அப்பம், கொடுக்கும் நேரத்தில் கிராதியில் ஒரு சின்னக் கதவு திறக்கும், சாமியார் கையை நீட்டுவார், அவ்வளவுதான். கிராதிக் கம்பிகள் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கப் பயன்படுத்திய டிரில் கம்பிகள். கம்பெனிப் பட்டறையில் அறுத்து ஒட்டியது. இடைவெளியில் ஒரு பெரிய ஆளின் விரல்கள் நுழையும், உள்ளங்கை நுழையாது.

அம்மா எப்போதும் முதல் பெஞ்சில் கிராதிக்குப் பக்கத்தில் உட்காருவாள். இருபது வருடத்துக்கு மேலாக மகளை அவள் வாரம் தவறாமல் பார்த்தது காதால்தான். வருடத்தில் சில நாள் பார்லர் என்கிற சந்திப்பு அறையில், இரண்டு வரிசைக் கம்பிக்கு அப்பால், அரைமணி நேரம் பேசலாம். தவக்காலத்தில் அதுவும் கிடையாது.

தங்கை உள்ளே போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஆபீசில் வேலை குறைந்த வேளைகளில் இந்த மாதிரி மடத்துக் கோயில்களின் பழைய வரைபடங்களைத் தேடிப் பார்ப்பேன். நூற்றுக்கணக்கான வருடங்களாக அதைக் கட்டியவர்கள் எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான்: பூசை நடக்கும் இடத்திலேயே பெண்கள் இருக்கவேண்டும், ஆனால் யார் கண்ணிலும் படக்கூடாது. ஜெர்மனிப் பக்கத்தில் அவர்களைக் கோயிலின் பின்கோடியில், மாடியில் ஏற்றினார்கள். இத்தாலியில் சில இடங்களில் பீடத்துக்குப் பின்னால் ஒரு சுவர் எழுப்பி அதற்கு அப்பால் உட்காரவைத்தார்கள். பீடத்தில் நடப்பதை அந்தப் பெண்கள் பெரும்பாலும் மணிச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மெக்சிகோவில் கோயிலின் கடைக்கோடி முழுவதும் கன்னியர்களுக்குப் போய்விட, ஊர்க்காரர்கள் நுழையப் பக்கச் சுவரில் வாசல் திறந்தார்கள். எங்கள் ஊரில் செய்தது பக்கவாட்டு முறை. இரண்டு கூடங்கள் ட எழுத்துப் போல முட்டிக்கொள்ளும். முட்டும் மூலையில் பீடம்.

இதையெல்லாம் நான் ஆசையோடு படித்தேன் என்று நினைக்கவேண்டாம். பல்வலிக்காரன் நாக்கால் அந்தப் பல்லையே தொட்டுக்கொண்டிருப்பது போலத்தான்.

ஈஸ்டர் வந்தது. அல்லேலூயாவிலும் அவள் குரல் இல்லை. அம்மா பூசை முடிந்ததும் மடத்தின் முன்கட்டுக்குப் போனாள். அங்கே சுவரில் பீப்பாய் மாதிரி ஒரு மரப்பெட்டி பதித்திருக்கும். ஒரு பக்கம்தான் திறப்பு. நாம் பொருளை வைத்தால் உள்ளே இருப்பவர் அதைச் சுழற்றி எடுத்துக்கொள்வார். ஆளை ஆள் பார்க்க முடியாது. அம்மா மிளகும் தேனும் சுக்கும் கட்டி அதில் வைத்தாள்.

“என் பொண்ணுக்கு உடம்பு இன்னாங்க சிஸ்டர்? கொரலே வரல.”

பெட்டி சுழன்றது. உள்ளேயிருந்து, “நல்லா இருக்காங்கம்மா. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கறாங்க. நீங்க ஜெபம் பண்ணுங்க” என்று பதில் வந்தது. பெட்டி வெறுமையாகத் திரும்பியது. பார்லருக்குக் கூப்பிடச் சொன்னோம். தங்கை தனிமைத் தியானத்தில் இருக்கிறாள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அம்மா அன்று முதல் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரியும் பகலும் ஒரே பேச்சு. “செத்துட்டாளோன்னு கீதுடி. சொல்லாம மறைக்கிறாங்களோ?” நான் அதட்டினேன். அதட்டினாலும் எனக்குள்ளும் அதே பயம்தான்.

மே மாதக் கோடைமழையில் மடத்திலிருந்து எனக்கே போன் வந்தது. மடத்துத் தலைவி பேசினார். எல்லோரும் மதர் என்று கூப்பிடுகிற, மங்களூர்ப் பக்கத்து வயதான அம்மா. கன்னியர் கூடத்தின் சுவரில் விரிசல் பெரிதாகிறது, கட்டடம் தெரிந்த பெண்ணாக நீங்கள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். டாக்டரும் கொத்தனாரும் தவிர வேறு யாரும் போகமுடியாத இடம். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். மனதில் சுவரே இல்லை.

பெரிய கதவைத் திறந்து ஒரு வயதான சிஸ்டர் என்னை உள்ளே விட்டார். கையில் ஒரு சின்ன மணி. அதை ஆட்டிக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தார். வெளி ஆள் வருகிறது, ஒதுங்குங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் மணி அது. நீள நடை முழுவதும் கதவுகள் சாத்தும் சத்தம். அதில் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் அவள் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கன்னியர் கூடத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். நாங்கள் உட்காரும் பகுதியைப் போல மூன்று மடங்கு நீளம். இருபுறமும் எதிரெதிராக மர இருக்கைகள். பழைய தண்டவாளங்களை நிமிர்த்தி வைத்த தூண்கள். ஜன்னல்கள் ஆளுயரத்துக்கு மேலே, வானம் மட்டும் தெரிகிற மாதிரி. இதுதான் முதலில் கட்டிய கோயில் என்பது சுவர்கள் சேரும் இடத்தைப் பார்த்ததும் புரிந்தது. எங்கள் பகுதி பிற்பாடு ஒட்டவைத்தது. நாங்கள் கோயில் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவர்கள் கோயிலின் வெளித் தாழ்வாரம்.

இருக்கைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. தூசி படாமல் தேய்ந்து பளபளத்தவை பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த சில மட்டும்.

சுவரைப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. கூரையின் எடை இருபக்கச் சுவரையும் வெளியே தள்ளாதபடி குறுக்கே இழுத்துப் பிடிக்க இரும்புக் கம்பிகள் போட்டிருந்தார்கள். அவை துருப்பிடித்து, இரண்டு அறுந்தே தொங்கின. தோட்டப்பக்கச் சுவர் வெளிப்புறம் சாய்ந்திருந்தது. கிராதிக்கு அருகில், மூலையில், விரிசலுக்குள் என் கை போனது. சுரங்கம் ஓடிய காலத்தில் அடியில் பாறை வெடித்து ஊரே குலுங்கும். அத்தனை குலுக்கலையும் வாங்கிக்கொண்ட சுவர்.

அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது பூசைத் துணிகள் வைக்கும் அறையின் கதவு மெல்லத் திறந்தது. அவள் நின்றாள். மணி அடித்தும் ஒதுங்காமல் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கம்பி இல்லாமல் அவளை நான் பார்த்தே எத்தனையோ வருடம் ஆகிறது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். எலும்புதான் கையில் தட்டுப்பட்டது.

“அக்கா” என்றாள். குரல் இல்லை, தாளைக் கசக்குகிற மாதிரி காற்று மட்டும் வந்தது.

“இன்னாடி இது?”

அவள் துணியைக் கொஞ்சம் தளர்த்தினாள். கழுத்தின் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது.

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“தொண்டைப் புண்ணுன்னு மாத்திரை குடுத்தாரு. இதக் காட்டல.”

“ஏண்டி?”

அவள் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. புதிதாகச் சேர யாரும் வருவதில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கிழவிகள் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களில் இன்னும் ஒருத்தி குறைந்தால் மேலிடம் மடத்தை மூடிவிட்டு எல்லோரையும் வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். “மூடிட்டா என்ன எங்கியோ அனுப்பிடுவாங்கக்கா. அம்மா ஞாயித்துக்கெழமைக்கு எங்க போவாங்க? அம்மாகிட்ட சொல்லாத.”

எனக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது. அதற்குள் மணிச் சத்தம் திரும்பி வர, அவள் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

மதரிடம் போய் இரண்டையும் சொன்னேன். அந்தக் கூடத்தில் இனி ஒரு நாளும் யாரும் உட்காரக்கூடாது, மழை பிடித்தால் சுவர் விழும். என் தங்கைக்கு வந்திருப்பது தொண்டைப் புண் இல்லை. மதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கட்டி இருப்பது அவருக்குத் தெரியாது. கழுத்துத் துணியைக் கேட்டதற்குக் குளிர் என்று சொல்லியிருக்கிறாள்.

“நீங்க கட்டளை போட்டா அவ போவா, மதர்.”

“போவா. எனக்குத் தெரியும்.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “நான் சின்னப் பொண்ணா இங்க வந்தேன் மகளே. இந்த வாசலை மூடறது என் கையாலா நடக்கணும்?” மேலிடத்தில் பேசுகிறேன், சில நாள் கொடுங்கள், அதுவரை ஜெபத்துக்கு வேறு இடமில்லை என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பயந்துபோயிருந்தார். நாங்கள் எல்லோருமே பயந்துபோயிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறைத்துவைக்க என்னால் முடியவில்லை. அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அந்த ஞாயிறு பூசையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தபோது அம்மா எழுந்தாள். நேராகக் கிராதிக்குப் போய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள்.

“வெளிய வாடி!”

சாமியார் பிரசங்கத்தை நிறுத்தினார். நான் போய்த் தோளைப் பிடித்தேன், உதறினாள்.

“எனக்காவவா உள்ள குந்திகினு சாவுற? உங்கொரலு வேணாண்டி எனக்கு. நீ உசுரோட வேணும். இவங்க மூடினா மூடட்டும். இடிஞ்சா இடியட்டும். வெளிய வாடி கண்ணு, உன்ன கெஞ்சிக் கேக்கறேன்!”

 பின்னால் யாரோ விசும்பினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் துணி உரசும் சத்தம். பிறகு, அந்தக் கோயிலில் நான் ஒருநாளும் பார்க்காத காரியம் நடந்தது. உள்ளேயிருந்து திரை விலகியது. தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வயதான முகங்கள் சில, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அவள் கிராதிக்குக் கிட்டே வந்து விரல்களைக் கம்பிக்கு இடையில் நீட்டினாள். அம்மா அதை அப்படியே பற்றிக்கொண்டாள்.

“வரேன்னு சொல்லு. சொல்லாம வுடமாட்டேன்.”

தங்கை மதரைத் திரும்பிப் பார்த்தாள். மதர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல முன்னால் வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “போம்மா. இது என் கட்டளை” என்றார்.

இப்போது வேறு தொல்லை. கிராதியில் ஆள் வர வழியில்லை. நன்மைக் கதவு தலைகூட நுழையாத அளவு. அவள் வெளியே வர வேண்டுமானால் அம்மா விரலை விட வேண்டும். அவள் கூடத்தின் மறுகோடிக்குப் போய், நீள நடையைக் கடந்து, உள்முற்றம் தாண்டி, பூட்டிய கதவுகளைத் திறந்து, மடத்தைச் சுற்றி வரவேண்டும். அம்மா விடமாட்டேன் என்றாள். “வுட்டா உள்ள இட்டுகினு பூடுவாங்க.” கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த இரண்டு பேருக்கு நடுவில் அந்தக் கட்டடம் முழுவதும் இருந்தது. பழைய வரைபடங்களில் இந்த மாதிரிப் பிரிவை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றுதான் அதன் அர்த்தம் தெரிந்தது.

“நான் பெரிய கதவுல போய் நிக்கறேம்மா. அவ வராம நான் வரமாட்டேன்” என்று சத்தியம் செய்தேன். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடினேன். அந்தக் கதவு திறக்கும்வரை நான் நின்ற நேரம் போல ஒரு நேரம் என் வாழ்க்கையில் இல்லை. திறந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

பூசைக்கு வந்திருந்த ஒருவர் தன் காரிலேயே எங்களைப் பெங்களூருக்குக் கொண்டுபோனார். பரிசோதனை எல்லாம் முடித்து டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். சில மாதம் முன்னால் வந்திருந்தால் பேச்சே வேறு என்றார். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகத்தான் இனி மூச்சு. அதன்பின் புற்றுக்குக் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள். கழுத்துத் தோல் கருகி உரிந்தது.

அதற்கிடையில் எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் வந்து மடத்துச் சுவரைப் பார்த்து நான் சொன்னதையே சொன்னார். மடத்தை மூட முடிவு செய்ய மேலிடம் அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. கன்னியர்கள் போவதற்கு முன்னால் மதர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தங்கையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் உள்ளங்கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார். உடம்பு தேறினால் புது மடத்தில் அவளுக்கு அறை இருக்கிறது என்று மட்டும் வாசலில் என்னிடம் சொன்னார்.

உடம்பு தேறவில்லை. மழைக்காலத்தில் கட்டி மறுபடி வந்தது.

இப்போது அவள் கோரமண்டலில் எங்கள் லைன் வீட்டு முன்னறையில் படுத்திருக்கிறாள். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக அம்மா கஞ்சி ஊற்றுகிறாள். பக்கத்து வீட்டு டிவி நடுச்சுவரைத் தாண்டி வருகிறது. சிஸ்டரைப் பார்க்கவேண்டும் என்று தெருவே வந்துபோகிறது. யாராவது வாசலில் தலைகாட்டினால் அவள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறாள். இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தவள். நான் கயிறு கட்டி ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தூங்கினாள். ஜெப நேரம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள். எந்த மணியும் இல்லாமல் அவளுக்கு நேரம் தெரிகிறது.

போன மாதம் பெரிய மழை. மறுநாள் ரயிலை விட்டுவிட்டு மடத்துப் பக்கம் போனேன். தோட்டப்பக்கச் சுவர் விழுந்து, கூரைத் தகடுகள் இருக்கைகளின் மேல் கிடந்தன. வீட்டுக்கு வந்ததும் அவள் என் முகத்தையே பார்த்தாள். இடிஞ்சிட்டுதா என்று உதடு கேட்டது.

“ஆமாம்” என்றேன். “உள்ள யாரும் இல்லடி. யாருக்கும் அடி படல.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். முதுகு குலுங்கியது. கழுத்து ஓட்டையில் காற்று விசில் மாதிரி அடித்தது. அவள் அழுகைக்கு அதுதான் சத்தம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பெங்களூர் டாக்டர் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். தங்கைக்கும் தெரியும். அம்மா மட்டும் ஏற்கவில்லை. நேற்று இரண்டு பையில் துணி அடுக்கி வைத்திருக்கிறாள்.

“வேலூர்ல போய்க் கேப்போம்டி. ஒருத்தரு சொன்னா ஆச்சா? அங்க வேற மாதிரி சொல்லுவாங்க.”

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் மெல்லத் தலையசைத்தாள், அம்மாவுக்காகப் போகலாம் என்பது போல. கார் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் கிளம்புகிறோம்.